அளந்த மருந்தும் அளவறியா அமுக்கமும்

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையிலே, புளியங்குளத்துக்கும் மாங்குளத்துக்கும் இடையே அமைந்துள்ளது கனகராயன்குளம். குளமும் வயலும் காடும் ஒன்றையொன்று தழுவிக் கிடக்கும் இவ்வன்னி மண்ணிலே, கதிர் முற்றும் காலத்திற் கமக்காரனுக்கு உறக்கம் இல்லை. இரவிற் பன்றி வயலுள் இறங்கினால் ஒரு போகத்து உழைப்பும் ஒரே இரவிற் பாழாகும். ஆகவேதான் இப்பகுதியிலே துவக்கு என்பது நெடுங்காலமாக வேட்டைக்காரனின் கருவி மட்டுமன்றிக் காவற்காரனின் துணையாகவும் கருதப்பட்டு வந்துள்ளது.

அத்துவக்குகளுள் ஒன்று, வாய்வழியாகக் கையால் நிரப்பப்படும் இடியன். வெடிமருந்தைக் குழலுள் இட்டு, அதன்மேல் அடைப்பு வைத்து இடித்து, பின்னர் சன்னங்களை இடுவர். நிரப்புகின்றவன் ஒரே சிரட்டையால், ஒரே கையால், ஒரே அளவு மருந்தையே இடுகின்றான். எனினும் நேற்றைய வெடி மெல்லெனத் தோளைத் தள்ளியது. இன்றைய வெடி தோளை உலுக்கிவிட்டது. நாளைய வெடி குழலையே பிளந்து விடலாம். அளவு மாறவில்லை, அமுக்கம் மாறியது. இஃது ஏன்?

வெடிமருந்து நொடியில் மறைந்துபோவது போலத் தோன்றினும், உண்மையில் அது மணிமணியாக எரிகின்றது. எரியும்போது பிறக்கும் வாயு, வெளியேற வழியின்றிக் குழலுள் நெருக்குண்டு அமுக்கமாகின்றது. அவ்வமுக்கம் உயர உயர எஞ்சிய மருந்து இன்னும் விரைவாக எரிகின்றது. கொல்லன் உலையிலே துருத்தியை ஊதுபவன் ஒருவன் உளன். துவக்கினுள்ளோ நெருப்பே தன் துருத்தியை ஊதிக்கொள்கின்றது. ஆதலால், தொடக்கத்திலே மயிரிழையளவு இருக்கும் வேற்றுமை முடிவிலே மலையளவாகிவிடும்.

அவ்வேற்றுமை நுழையும் வாயில்கள் பல. முதலாவது, மணியின் பருமன். சிறு மணி விரைந்தும் பெருமணி தாமதித்தும் எரியும். ஆட்டிக் குலுக்கிக் கொண்டுசெல்லப்பட்ட தகரத்திலே துகள் அடியிற் படியும். மேலே எடுத்த மருந்தும் அடியில் எடுத்த மருந்தும் ஒன்றாகா. இரண்டாவது, அளக்கும் முறை. சிரட்டையைத் தட்டி நிரப்பினால் ஒரு நிறை. தட்டாது நிரப்பினால் வேறொரு நிறை. மூன்றாவது, ஈரம். மாரிகாலத்துக் காற்றிலே ஈரம் ஏறிய மருந்து மந்தமாக எரியும். அதனை நம்பி அளவைக் கூட்டியவன், மருந்து உலர்ந்த பின்னரும் அதே அளவை இடுவானாயின் ஆபத்தை அழைப்பவனாவான். நான்காவது, இடைவெளி. மருந்தோடு நெருங்கி அமராது சன்னம் நடுவழியிலே தங்கினால், வாயு அதனை மோதும் இடத்திலே குழல் வீங்கும் அல்லது வெடிக்கும். ஐந்தாவது, குழலின் நிலை. முன்னைய வெடியின் கசடு ஈரத்தை இழுத்து இரும்பை அரிக்கும். அரிக்கப்பட்ட குழல் முன்பு தாங்கிய அமுக்கத்தை இப்போது தாங்காது.

இவ்வுண்மைகளை உலகம் எளிதில் அறிந்துகொள்ளவில்லை. பெஞ்சமின் ரொபின்ஸ் என்னும் ஆங்கிலேயக் கணித அறிஞர், 1742ஆம் ஆண்டிலே பீரங்கிக் கலை பற்றிய நூலொன்றை வெளியிட்டார். தொங்கும் மரப்பலகையைக் குண்டால் அடித்து, அது ஆடும் தூரத்தைக் கொண்டு குண்டின் வேகத்தைக் கணித்தவர் அவர். கிழக்கிந்தியக் கம்பனியின் பொறியியலாளராக வந்த அவர், 1751ஆம் ஆண்டிலே கடலூரை அடுத்த புனித தாவீது கோட்டையிற் காலமானார். தமிழ்க் கரையிலே உயிர்நீத்த அவ்வறிஞர் வேகத்துக்கு அளவுகோல் தந்தார். குழலுள் எழும் அமுக்கத்தை நேரே அளக்கும் கருவியோ பின்னரே தோன்றியது.

அந்தக் குறை எத்துணைக் கொடியது என்பதை 1844ஆம் ஆண்டு பெப்ரவரி 28ஆம் நாள் காட்டிற்று. அமெரிக்காவின் பிரின்ஸ்டன் என்னும் போர்க்கப்பலிலே, விருந்தினர் காண வெடிக்கப்பட்ட பெரும்பீரங்கி சிதறியது. வெளிநாட்டுச் செயலாளரும் கடற்படைச் செயலாளரும் உட்பட அறுவர் மாண்டனர். அதே நாளில் முன்னர் பழுதின்றி வெடித்த பீரங்கி அது! முன்னைய வெடியைத் தாங்கியது என்பது அடுத்த வெடிக்கு உத்தரவாதம் ஆகாது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியிலே அன்ட்ரூ நோபிள் முதலியோர், சிறு செப்பு உருளையை வாயு எவ்வளவு நசுக்குகின்றது என்பதைக் கொண்டு அமுக்கத்தை அளந்தனர். இன்று தோட்டாத் தொழிற்சாலைகள் மின்னுணரிகளால் அதனை அளந்து, ஒவ்வொரு தொகுதியிலும் மாதிரி எடுத்துச் சோதிக்கின்றன.

மேனாடுகளிலே உரிய சட்ட அனுமதியுடன் றைபிள் தோட்டாக்களைத் தம் கையாலே நிரப்புவோர் உளர். நுண்தராசு வைத்திருந்தும் அவர்களுக்கும் இந்த ஏற்றத்தாழ்வு நேர்கின்றது. தோட்டாக் கூட்டின் உட்கொள்ளளவு, குண்டு அமரும் ஆழம், தீமூட்டியின் வலிமை, வெயிலிற் கிடந்த தோட்டாவின் வெப்பம் ஆகிய யாவும் அமுக்கத்தை மாற்றவல்லன. அவர்களுட் கவனமுடையோர் ஐயம் எழுந்தவுடன் சுடுவதை நிறுத்துவர், ஒரே வேளையில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பர், ஒவ்வொன்றையும் எழுதிவைப்பர், தயாரிப்பாளர் அச்சிட்ட அட்டவணையின் எல்லையைக் கடவார். வேகமானி வேகத்தைச் சொல்லுமேயன்றி அமுக்கத்தை நேரே சொல்லாது என்பதும் அவர்கள் அறிந்ததே.

தராசும் அட்டவணையும் உடையோர் நிலை இதுவாயின், சிரட்டையும் கைப்பழக்கமும் மட்டுமே உடையவன் நிலை யாது? வன்னியிலே இன்னும் ஒரு பேராபத்து உண்டு. 2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரின் எச்சங்கள் மண்ணிலே கிடந்தமை யாவரும் அறிந்ததே. பழைய இராணுவத் தோட்டாவின் புகையற்ற மருந்து, கரிமருந்துக்கென அமைந்த குழலுக்கு உரியதன்று; அதனை இடியனில் இடுதல் தன் முகத்தருகே குண்டு வைத்தலுக்கு ஒப்பாகும். அத்தகைய பொருளைக் கண்டால் தொடாது விலகிக் கிராம உத்தியோகத்தருக்கோ பொலிசாருக்கோ அறிவித்தலே முறை. காட்டுப் பாதையிலே கயிறு கட்டி வைக்கப்படும் கட்டுத்துவக்கோ, பன்றியையும் மனிதனையும் வேறுபிரித்து அறியாது.

1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச்சட்டமும் 1956ஆம் ஆண்டின் வெடிபொருட் சட்டமும் அனுமதிப்பத்திரத்தை வேண்டுவதைச் சிலர் வீண் தொல்லை எனக் கருதுவர். ஆயின், கண்ணுக்குத் தெரியாத அமுக்கத்தை ஊகத்தால் அளக்க முற்படுவோனையும், அவன் அருகே நிற்கும் பிள்ளையையும் காக்கும் வேலியும் அவையே. வயலைக் காக்க வேலியும், கூட்டுக் காவலும், அனுமதி பெற்ற துவக்கும், அதற்கென்றே செய்யப்பட்ட தோட்டாவும் உள. அழிந்த பயிரை அடுத்த போகத்திலே மீண்டும் விதைக்கலாம். இழந்த கண்ணையும் கையையும் எந்தப் போகத்திலும் விதைத்துப் பெற இயலாது.