கள்வன்மேற் காதல்

(வட்டுக்கோட்டையில் இளைஞர் சங்கக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)



கொடியவன் என்று தெரிந்தும் ஒருவனிடத்தில் மனம் செல்வது ஏன்? இஃது மேல்நாட்டாருக்கே உரிய விந்தை என்று நம்மிற் பலர் எண்ணுகின்றனர். ஆனால் தமிழின் ஐம்பெருங் காப்பியங்களுள் ஒன்றான குண்டலகேசி இதைப் பற்றிய கதையேயாகும். நாதகுத்தனார் இயற்றிய அந்நூலிற் சில செய்யுள்களே இன்று எஞ்சியுள்ளன. கதையை நீலகேசி உரையும், பாளி மொழியிலுள்ள பௌத்த உரைகளும் காத்துத் தந்துள்ளன.

செல்வக் குடியிற் பிறந்த பத்திரை, கொலைக்களத்துக்குக் கொண்டு செல்லப்படும் கள்வனொருவனை மாடத்தினின்று கண்டு காதல் கொள்கிறாள். தந்தை அவனை மீட்டு மணஞ்செய்து கொடுக்கிறார். ஊடலிலே 'நீ கள்வனன்றோ' என்று அவள் விளையாட்டாகச் சொன்னது அவனுக்குப் பகையாயிற்று என்பது தமிழ்க் கதை. அவளுடைய நகைகளை அவன் விரும்பினான் என்பது பாளிக் கதை. எதுவாயினும், கொல்லும் எண்ணத்தோடு அவளை மலையுச்சிக்கு அழைத்துச் சென்றான். 'இறக்குமுன் உம்மை வலம்வந்து வணங்குகிறேன்' என்று சொன்ன பத்திரை, பின்புறமாக வந்து அவனைத் தள்ளிவிட்டு உயிர் தப்பினாள்.

பத்திரை பேதையல்லள். பின்னாளிலே துறவு பூண்டு, வாதத்தில் வல்லவளாய் விளங்கியவள். அறிவுடையவளும் இவ்வலையில் வீழ்ந்தாள் என்பதே நாம் கவனிக்க வேண்டியது.

இன்றைய உளவியலார் இக்கவர்ச்சிக்கு 'ஹைபிரிஸ்டோபீலியா' என்று பெயரிட்டுள்ளனர். பல இளம் பெண்களைக் கொன்ற டெட் பண்டி என்னும் அமெரிக்கனைப் பார்ப்பதற்கு இளம் பெண்கள் நீதிமன்றத்துக்கு வந்தனர். 1980இல், விசாரணை நடந்துகொண்டிருக்கையிலேயே, ஒரு பெண் அவனை மணந்தாள். 1989இல் அவனுக்கு மரணதண்டனை நிறைவேற்றப்பட்டது.

இதற்குக் காரணங்கள் பல. ஒன்று, அச்சத்தை ஆசையென்று மயங்குதல். 1974இல் டட்டன், அரோன் என்ற இருவர் கனடாவிலே நடத்திய ஆராய்ச்சியை வெளியிட்டனர். உயரத்தில் ஆடும் தொங்கு பாலத்தைக் கடந்த ஆடவர், உறுதியான பாலத்தைக் கடந்தவரைக் காட்டிலும் அதிகமாக, அங்கே தம்மை வினாவிய பெண்ணைப் பின்னர் தொலைபேசியில் அழைத்தனர். பயத்தாற் படபடத்த நெஞ்சை அவர்கள் காதலாற் படபடத்ததாகக் கொண்டனர் போலும்!

மற்றொரு காரணம் இரங்கத்தக்கது. சிறையிலிருக்கும் கொலைகாரரை விரும்பிய பெண்களைக் கண்டு பேசி, ஷீலா ஐசன்பேர்க் என்னும் அமெரிக்கப் பத்திரிகையாளர் 1991இல் ஒரு நூல் வெளியிட்டார். அப்பெண்களிற் பலர் முன்னரே தந்தையாலோ கணவனாலோ கொடுமைப்படுத்தப்பட்டவர்கள். கம்பிக்குப் பின்னால் இருப்பவன் காதல் மொழி பேசலாம். கை நீட்டி அடிக்க முடியாது. ஆகவே இவர்களை எள்ளி நகையாடுதல் தகாது.

மூன்றாவது காரணமே மிகவும் ஆபத்தானது. 'ஊருக்கு அவன் கொடியவன். என்னிடத்தில் மட்டும் நல்லவன்' என்னும் நம்பிக்கை அது. பத்திரையை மலையுச்சிவரை கொண்டுசென்றது இந்நம்பிக்கைதான்.

இம்மயக்கம் பெண்களுக்கு மட்டும் உரியதன்று. நமது இலங்கையிலே உத்துவன்கந்தை சரதியேலை அறியாதார் யார்? கண்டி வீதியிற் கொள்ளையடித்து, ஏழைகளுக்குக் கொடுத்தான் என்று மக்கள் அவனைக் கொண்டாடுகின்றனர். அவனைப் பிடிக்கச் சென்றபோது, 1864 மார்ச் 21இல் மாவனல்லையிலே சபான் என்ற பொலிஸ் கான்ஸ்டபிள் சுடப்பட்டு இறந்தார். அவ்வாண்டு மே 7இல் சரதியேல் கண்டியிலே தூக்கிலிடப்பட்டான். பொலிஸார் ஆண்டுதோறும் மார்ச் 21இல் சபானை நினைவுகூருகின்றனர். நம்முள் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்? கள்வன் கதாநாயகனாயினான், கடமை செய்து மடிந்தவர் மறக்கப்பட்டார்.

நமது குடாநாட்டுக்கு வருவோம். வாள்வெட்டுச் செய்திகளைப் பத்திரிகைகளிற் படித்து வருகிறோம். வாளேந்திப் படம் எடுத்துக் கைத்தொலைபேசியிற் பரப்பும் இளைஞனுக்கு, அதைப் பார்த்து விருப்பக் குறி இடுகிற நாமே ஊக்கம் அளிக்கிறோம். 'அவன் பெரிய ஆள்' என்று நாம் வியக்கும் ஒவ்வொரு சொல்லும் அடுத்த வாளுக்குச் சாணை பிடிக்கிறது. அதே வேளையில் விரலிழந்த ஒருவன், மருத்துவமனைக் கட்டிலிலே, இனி எவ்வாறு தொழில் செய்வேன் என்று ஏங்குகிறான். அவன் படத்தை யார் பரப்புகிறார்கள்?

'வேடனாயிருந்த வான்மீகி முனிவராகவில்லையா?' என்று பெரியோர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. திருந்தும் வழியை யாருக்கும் அடைத்தலாகாது. ஆனால் வான்மீகி திருந்தியது தமது பழிக்குத் தாமே பொறுப்பு என்று உணர்ந்து தவம் செய்தமையாலன்றோ? அவரது கொள்ளையை யாரும் வியந்து பாராட்டியதனால் அன்று. இரக்கம் வேறு, மயக்கம் வேறு.

வள்ளுவர் 'தெரிந்து தெளிதல்' என்று ஓர் அதிகாரமே வகுத்துத் தந்தார். நாம் தெளிவதற்கு எளிய வழியொன்றுண்டு. ஒருவனது துணிவை நாம் வியக்கத் தொடங்கும்போது, 'இத்துணிவினால் அடிபட்டவர் யார்?' என்று கேட்போமாக. அவரது பெயரைத் தேடி அறிவோமாக. சகோதரிகள் யாரேனும் இவ்வலையிற் சிக்கினால் ஏசாது, அவர்கள் அஞ்சாமல் வீடு திரும்பக் கதவைத் திறந்து வைப்போமாக. பத்திரை மலையுச்சியிலே தனித்து நின்றாள். நம்மூர்ப் பெண் ஒருத்தியை அவ்வாறு தனித்து நிற்க விடலாகாது.