மனச்சுமையும் செரிமானமும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற விளக்கக் கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



மனத்திற்கும் வயிற்றுக்கும் உள்ள உறவை அறிந்துகொள்ளத் தமிழர்கள் மருத்துவ நூல் எதையும் புரட்ட வேண்டியதில்லை. அவர்கள் நாள்தோறும் பேசும் பேச்சிலேயே அது அடங்கியிருக்கிறது. அச்சம் வந்தால் வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்கிறார்கள். பிள்ளை வீடு திரும்பாவிட்டால் அடிவயிறு கலங்குகிறது என்கிறார்கள். பிறரால் வஞ்சிக்கப்பட்டவர் வயிறு எரிகிறது என்கிறார். நல்ல செய்தி வந்து சேர்ந்தாலோ, வயிற்றில் பால் வார்த்தாற்போல் இருந்தது என்று மகிழ்கிறார்கள். முன்னோர் பட்டறிந்து சொன்ன இவ்வுண்மையை, மேலை நாட்டு மருத்துவம் கடந்த இருநூறு ஆண்டுகளில்தான் கண்ணால் கண்டு உறுதி செய்தது.

கண்ணால் கண்ட சான்று

1822ஆம் ஆண்டு ஜூன் 6ஆம் நாள், அமெரிக்காவின் மக்கினாக் தீவில், அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்னும் இளந்தொழிலாளியின் வயிற்றில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. இராணுவ மருத்துவர் வில்லியம் போமண்ட் அவரைக் காப்பாற்றினார். ஆயினும் இரைப்பையில் விழுந்த துளை மட்டும் மூடவே இல்லை. அத்துளையின் வழியாகப் போமண்ட், உணவு செரிக்கும் விதத்தைப் பல ஆண்டுகள் நேரில் கண்டு ஆராய்ந்தார். 200க்கு மேற்பட்ட சோதனைகளைச் செய்து, 1833ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். அச்சமும் சினமும் கொண்டபோது இரைப்பையின் உட்சுவர் நிறம் மாறியதையும், செரிமானம் தடைப்பட்டதையும் அவர் குறித்து வைத்தார்.

ஊடுகதிர் 1895ஆம் ஆண்டில் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வால்ட்டர் கேனன் அதனைக் கொண்டு பூனைகளின் இரைப்பை அசைவுகளை ஆராய்ந்தார். அமைதியாக இருந்த பூனையின் இரைப்பை அலை அலையாக அசைந்தது. பூனை கலவரமடைந்ததும் அவ்வசைவு அடியோடு நின்றது. அதனைத் தடவிக்கொடுத்து அமைதிப்படுத்தியபின் மீண்டும் தொடங்கியது. ஆபத்து வந்தால் எதிர்த்து நிற்பதற்கோ தப்பி ஓடுவதற்கோ உடல் ஆயத்தமாகிறது என்னும் புகழ்பெற்ற கருத்தைப் பின்னர் வகுத்தவரும் இவரே.

புலியைக் கண்ட மனிதனுக்குச் சோறு செரிப்பது அவசரமன்று. ஆகவே உடல், குருதியைக் கைகால் தசைகளுக்கு அனுப்புகிறது, வாய் உலர்கிறது, இரைப்பையின் வேலை மந்தமாகிறது, பெருங்குடலோ விரைந்து இயங்குகிறது. தேர்வு மண்டபத்திற்குள் நுழையுமுன் மாணவன் கழிவறைக்கு ஓடுவதன் காரணம் இதுவே. புலி போய்விட்டால் உடல் தன்னிலைக்குத் திரும்பும். ஆனால் வீட்டுக் கடனும், மேலதிகாரியின் கடுஞ்சொல்லும், பிள்ளையின் தேர்வு முடிவும் மாதக்கணக்கில் வாசலிலேயே நிற்கும் புலிகள். அவற்றுக்கு அஞ்சும் வயிறு ஓய்வறியாது.

மேலும், உணவுக்குழாய் முதல் பெருங்குடல் வரையிலான சுவர்களில் பத்துக் கோடிக்கு மேற்பட்ட நரம்பணுக்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. அவை அலைநரம்பு எனப்படும் வேகஸ் நரம்பின் வழியாக மூளையுடன் இடைவிடாது செய்தி பரிமாறுகின்றன. உடலிலுள்ள செரோட்டோனின் என்னும் பொருளில் ஏறத்தாழ 90 விழுக்காடு குடற்பகுதியில்தான் உள்ளது. மனம் நொந்தால் வயிறு கெடுவதும், வயிறு கெட்டால் மனம் சோர்வதும் இந்த இருவழிப் பாதையினால்தான்.

“கேஸ்ட்ரிக்” என்னும் ஒரு சொல்

மலேசியத் தமிழர்களிடையே வயிற்றைப் பற்றிய எல்லா முறையீடுகளுக்கும் ஒரே பெயர்தான் உண்டு: “கேஸ்ட்ரிக்”. நெஞ்செரிச்சலும் கேஸ்ட்ரிக், உப்புசமும் கேஸ்ட்ரிக், மேல்வயிற்று வலியும் கேஸ்ட்ரிக். மருந்தகத்தில் ஒரு புட்டி வெள்ளை மருந்து வாங்கிக் குடித்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். இங்குதான் தெளிவு வேண்டியிருக்கிறது.

கவலைதான் இரைப்பைப் புண்ணை உண்டாக்குகிறது என்று நெடுங்காலம் மருத்துவர்களே நம்பியிருந்தனர். அது முழு உண்மையன்று. 1982ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் ஆகிய இருவரும் இரைப்பையில் வாழும் ஒரு கிருமியை வளர்த்துக் காட்டினர். அதனை நிறுவும்பொருட்டு, மார்ஷல் 1984ஆம் ஆண்டில் அக்கிருமி கலந்த நீரைத் தாமே குடித்து நோயுற்றார். 2005ஆம் ஆண்டில் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. ஹெலிக்கோபேக்டர் பைலோரி எனப்படும் அக்கிருமியும், முட்டுவலிக்கும் தலைவலிக்கும் அடிக்கடி விழுங்கப்படும் ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகளுமே இரைப்பைப் புண்ணின் முதன்மைக் காரணங்கள் ஆகும். கிருமி இருப்பின், மருத்துவர் தரும் நுண்ணுயிர்க் கொல்லி மருந்துகளால் அதனை ஒழிக்க முடியும். ஆகவே புண் உள்ளவரிடம், “கவலைப்படாதே, சரியாகிவிடும்” என்று மட்டும் கூறுவது அவரைக் கைவிடுவதாகும்.

அவ்வாறாயின் மனச்சுமையின் பங்கு என்ன? சோதித்துப் பார்த்தால் புண்ணோ கட்டியோ இல்லாமலும், வலியும் உப்புசமும் மாறி மாறி வரும் மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் பலரை வாட்டுகின்றன. நெஞ்செரிச்சல் உள்ளவருக்கு, அதே அளவு அமிலம் கவலை மிகுந்த நாளில் கூடுதலாக எரிகிறது. இவை பொய் நோய்களல்ல. நரம்புகள் அளவுக்கு மீறிக் கூர்மையடைந்ததால் வரும் மெய்யான துன்பங்கள். “எல்லாம் உன் கற்பனை” என்று வீட்டார் சொல்வது, முன்பே இருக்கும் சுமையின்மேல் இன்னொரு சுமையை ஏற்றுவதாகும்.

உயிர் காக்கும் எச்சரிக்கை

இவ்வுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள இயலுமானால், அது இதுவாக இருக்கட்டும். மாரடைப்பு, “வாயுப் பிடிப்பு” போலவே வேடமிட்டு வரும். நெஞ்சு நடுவில் அழுத்தம், கை, தோள், தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, மூச்சுத்திணறல், குமட்டல் ஆகியவை தோன்றினால், இஞ்சிச் சாறும் ஓமத் தண்ணீரும் தேடிக்கொண்டிருத்தல் கூடாது. உடனே 999 எண்ணை அழைக்க வேண்டும். நீரிழிவு நோயாளிகளுக்கு வலியே இல்லாமலும் மாரடைப்பு வரக்கூடும். மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மிகுதியாக உள்ளமையால், இது ஒவ்வொரு குடும்பமும் அறிந்திருக்க வேண்டியதாகும். தந்தை “கேஸ்ட்ரிக்தான், படுத்தால் சரியாகிவிடும்” என்று சொல்லிப் படுக்கப்போகும் இரவில், பிள்ளைகள் அவர் சொல்லை மீறுவதே அவருக்குச் செய்யும் மரியாதை.

கருநிற மலம், இரத்த வாந்தி, காரணமின்றி எடை குறைதல், விழுங்குவதில் தடை, நடுவயதுக்குப்பின் புதிதாகத் தொடங்கி நீடிக்கும் வயிற்றுக் கோளாறு ஆகியவற்றுக்கும் மருத்துவரையே நாட வேண்டும். இவற்றை மனச்சுமையின்மேல் பழிபோட்டு நாள் கடத்தலாகாது.

இந்நாட்டு வாழ்க்கை

ஜொகூர் பாலத்தைக் கடந்து சிங்கப்பூரில் பணிபுரிவோர் பலர், விடியுமுன் பசியாறாமலே புறப்படுகின்றனர். தொழிற்சாலையில் இரவு வேலை செய்வோருக்கு உடலின் கடிகாரமே தலைகீழாகிறது. அலுவலகத்தில் இருப்போர் கணினியைப் பார்த்தவாறே நாசி லெமாக் பொட்டலத்தைப் பத்து நிமிடத்தில் முடிக்கின்றனர். நாள் முழுவதும் அடக்கிய சினத்தைத் தணிக்க, இரவு பதினொரு மணிக்கு மாமாக் கடையில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உண்டு, வந்து படுத்துக்கொள்கின்றனர். வயிறு நிறைந்த நிலையில் படுப்பதால் அமிலம் மேலேறுகிறது, தூக்கம் கெடுகிறது, தூக்கம் கெட்டதால் மறுநாள் சிறு சொல்லும் பெரிதாகத் தைக்கிறது. வட்டம் மீண்டும் தொடங்குகிறது.

ஆலயத் தொண்டர்களும் இதற்கு விதிவிலக்கல்லர். திருவிழா நாளில் அன்னதானக் கூடத்தில் நூற்றுக்கணக்கானோருக்கு இன்முகத்தோடு பரிமாறும் தொண்டர், தமக்கென்று இலை விரிப்பது பிற்பகல் நான்கு மணிக்கு, அதுவும் நின்றுகொண்டே! அவர்களை முறை வைத்து உண்ணச் செய்வதும் திருப்பணியே.

செய்யக்கூடியவை

முதலாவது, மூச்சு. உணவுக்குமுன் அமைதியாக அமர்ந்து, வயிறு எழும்படி மெல்ல மூச்சை உள்ளிழுத்து, அதனினும் மெதுவாக வெளியே விட வேண்டும். இவ்வாறு ஐந்து நிமிடம் செய்தால் அலைநரம்பு தூண்டப்பட்டு, உடல் போர்க்கோலத்தைக் களைகிறது. நெஞ்செரிச்சல் உள்ளோருக்கு உதரவிதானத்தைப் பழக்கும் இம்மூச்சுப் பயிற்சி பயன் தருவதாக ஆய்வுகளும் காட்டியுள்ளன. பிராணாயாமம் அறிந்தோர்க்கு இது புதிதன்று.

இரண்டாவது, உணவு மேசையின் அமைதி. பிள்ளையின் மதிப்பெண்ணையும், உறவினர் பூசலையும், கடன் தவணையையும் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுதல் கூடாது. அவற்றைப் பேச வேறு நேரம் ஒதுக்க வேண்டும்.

மூன்றாவது, காலமும் அளவும். திருக்குறளின் 95ஆம் அதிகாரம் ‘மருந்து’ என்று பெயர் பெற்றிருந்தும், அதில் பெரிதும் பேசப்படுவது பசியறிந்து, அளவறிந்து உண்பதைப் பற்றியே. இரவு உணவுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் இருத்தல் நன்று. உண்டபின் பத்து நிமிடம் மெல்ல நடப்பது செரிமானத்திற்கும் சர்க்கரைக் கட்டுப்பாட்டிற்கும் துணை செய்யும்.

நான்காவது, சுமையைப் பகிர்தல். ஆண்மகன் கண்கலங்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவர் அழாமல் இருக்கலாம்; அவருக்காக அவர் வயிறு அழும். துணைவியிடமோ, நண்பரிடமோ, தேவைப்பட்டால் மனநல ஆலோசகரிடமோ பேசுவது இழுக்கன்று. குடல் நோய்க்கு மனநல ஆலோசனை முறைகள் துணைநின்று பயன் தருவதை இன்றைய மருத்துவம் ஏற்றுக்கொண்டுள்ளது.

நிறைவாக, இக்கூட்டம் முடிந்ததும் அன்பர்கள் அன்னதானக் கூடத்திற்குச் செல்வார்கள். அங்கு மேலதிகாரியும் தொழிலாளியும் ஒரே வரிசையில் அமர்வர். கைகழுவி, இலையில் நீர் தெளித்து, பரிமாறும் வரை காத்திருந்து, இறைவனை நினைந்து உண்பர். காத்திருக்கும் அந்தச் சில நிமிடங்களில் மூச்சு சீராகிறது. வாயில் நீர் ஊறுகிறது. வயிறு உணவை வரவேற்கத் தயாராகிறது. செரிமானத்திற்கு வேண்டிய ஒழுங்கெல்லாம் அந்த ஓர் இலையின் முன் இருக்கிறது. ஆலயத்தில் ஆண்டுக்குச் சில நாள் கிட்டும் அந்த அமைதி, ஒவ்வோர் இல்லத்திலும் ஒரு வேளை உணவுக்கேனும் கிட்டுமாயின், மருந்துப் புட்டிகள் பல மூடியே இருக்கும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் அனைவரும் உடல் நலமும் மன அமைதியும் பெற்று நீடு வாழ்க!