பொங்கலுக்கு ஓர் ஒத்திகை

வேலைக்காக மும்பை வந்து, மாட்டுங்கா, சயன், செம்பூர்ப் பக்கம் நாலு பேராக வீடு எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளைகளுக்கு இன்று ஒரு யோசனை. பொங்கலுக்கு லீவு இல்லை, ரயிலில் டிக்கெட்டும் இல்லை, நாமே சமைத்து இலை போட்டுச் சாப்பிடுவோம் என்று முடிவு செய்திருக்கிறீர்களா? தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் முந்தின ஞாயிற்றுக்கிழமையே நண்பர்களைக் கூப்பிட்டு முழுச் சமையலையும் ஒருமுறை ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

சாம்பார் வைக்கத் தெரியும், ரசம் தெரியும், அப்புறம் என்ன ஒத்திகை என்று கேட்பீர்கள். தனித்தனியே எல்லோருக்கும்தான் தெரியும். ஏழு பண்டம், இரண்டு பர்னர், ஒரே குக்கர்; அத்தனையும் பன்னிரண்டரை மணிக்குச் சூடாக இலைக்கு வரவேண்டும். அங்கேதான் ஆள் திணறிப்போவது.

இது நம் ஊர்க் கஷ்டம் மட்டுமில்லை. அமெரிக்காவில் நவம்பர் நான்காம் வியாழக்கிழமை நன்றி நவிலும் நாள்; வீட்டுக்கு வீடு வான்கோழி விருந்து. ஏழு கிலோ பறவை குளிர்ப்பெட்டிக்குள் உறைநிலை நீங்கவே மூன்று நாளுக்கு மேல் ஆகும். அது தெரியாமல் காலையில் முழிப்பவர்கள் ஏராளம். பட்டர்பால் என்ற வான்கோழி நிறுவனம் அவர்களுக்கென்றே 1981-ல் தொலைபேசி உதவி தொடங்கி இன்றும் நடத்துகிறது. நமக்கு அந்த உதவி அம்மா. பொங்கலன்று காலை அம்மா போனை எடுக்கமாட்டார், அவர் கையிலும் கரண்டி இருக்கும். ஆகவே கேட்பதையெல்லாம் ஒத்திகையன்றே கேட்டுவிடுங்கள். எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ ஒன்றும் கைவசம் இருக்கட்டும். 1951-ல் வந்த புத்தகம். அளவு சொல்லித் தருவதில் இன்றைக்கும் அதை மிஞ்ச ஆளில்லை என்பது என் கட்சி.

காய்கறிக்குக் கவலை வேண்டாம். மாட்டுங்கா ஸ்டேஷனுக்குக் கிழக்கே மார்க்கெட்டில் வெண்பூசணி, சேனை, வாழைக்காய், வாழை இலை எல்லாம் கிடைக்கும். சனிக்கிழமை மாலையே வாங்கி, பூசணியை நறுக்கி வைத்துவிடுங்கள். சேனையை மட்டும் நறுக்கும்முன் கையில் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அரிக்கும்.

இப்போது அடுப்படிக்கு வருவோம். சர்க்கரைப் பொங்கல்தான் அன்றைய நாயகன். புதியவர்கள் சறுக்குவதும் அதில்தான். ஒரு டம்ளர் பச்சரிசி, கால் டம்ளர் பாசிப்பருப்பு, பொடித்த வெல்லம் இரண்டு டம்ளர். அரிசி குழைந்து, விரலால் நசுக்கினால் மசிய வேண்டும். அதற்குப் பிறகே வெல்லம். அவசரப்பட்டு முன்னாடியே போட்டால், தண்ணீரை வெல்லம் பிடித்துக்கொள்ளும், அரிசி எத்தனை நேரம் கொதித்தாலும் நறுக்கு நறுக்கென்றே நிற்கும். வெல்லத்தைக் கரைத்து வடிகட்டியே ஊற்றுங்கள், மண் இருக்கும். சாம்பாருக்கும் இதே கதைதான்: பருப்பு நன்றாக வெந்த பிறகே புளி. புளிப்பு சேர்ந்துவிட்டால் பருப்பு மசியாது.

எது முதல், எது கடைசி? குக்கரில் முதலில் பருப்பு, பிறகு பொங்கல், கடைசியில் சாதம். ஒரு பர்னரில் குக்கர் ஓட, மற்றதில் சாம்பார், ரசம், கூட்டு. இவை மூடி வைத்தால் சூடு தாங்கும். பொரியல் அதற்குப் பின். வடை, அப்பளம் எல்லோரும் உட்காரும் நேரத்துக்கு. உளுந்தை அதிகநேரம் ஊறவிட்டால் வடை எண்ணெய் குடிக்கும், ஒரு மணி நேரம் போதும். யார் எதற்குப் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்ப்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். பாத்திரம் தேய்ப்பவர் பெயரும் அதில் இருக்கட்டும். அந்தப் பெயர் இல்லாத தாளால் நட்பே முறிந்த வீடுகள் உண்டு.

பரிமாறுவதைக் கற்க ஒருநாள் ஸ்டேஷன் அருகிலுள்ள ராமா நாயக் உடுப்பி ஸ்ரீ கிருஷ்ணா போர்டிங்கில் இலைச் சாப்பாடு சாப்பிட்டு வாருங்கள். 1942-ல் தொடங்கிய மெஸ் அது. சமையல் உடுப்பி வகை, நம்முடையதல்ல. ஆனால் பரிமாறுகிறவரின் கண்ணைப் பாருங்கள். இலையில் எது தீர்கிறது என்பதிலேயே அது இருக்கும். வீட்டில் இலை போடும்போது நுனி, சாப்பிடுகிறவரின் இடக்கைப் பக்கம் வரவேண்டும்.

ஒத்திகைக்கு யாரைக் கூப்பிடுவது? “பரவாயில்லை, நல்லா இருக்கு” என்று சொல்லிவிட்டுப் போகிறவர் வேண்டாம். ரசத்தில் உப்புக் கூட என்று முகத்துக்கு நேரே சொல்கிற ஒருவராவது வேண்டும். அவர் சொன்னதை அதே தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். எது மீந்தது, எது தீர்ந்தது என்பதையும் எழுதுங்கள், பொங்கலுக்குச் சாமான் வாங்கும் கணக்கு அதிலிருந்தே வந்துவிடும். இலையை மட்டும் பொங்கலன்று காலையில் தேடிப் போகாதீர்கள். முந்தின நாளே வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள்.