டீசல் சூடா, வயர் பழுதா?

(பந்திங்கில் தோட்டத் தொழிலாளர் கூட்டமொன்றில் கிராணிகள் தரப்பில் ஆற்றிய உரை)



பால்மரம் சீவுகிறவர்கள் கூடியிருக்கும் இடத்தில், கிராணிகளாகிய நாங்கள் லோரி இன்ஜினைப் பற்றிப் பேச வந்திருப்பது சிலருக்கு வேடிக்கையாக இருக்கலாம். "செக்ரோல் எழுதுகிறவர்களுக்கு இன்ஜினில் என்ன வேலை?" என்று வாசலிலேயே ஒரு மண்டோர் கேட்டுவிட்டார். செக்ரோலில் கைவைக்கும்படி ஓர் இன்ஜின் செய்துவிட்டது, அண்ணே. அதனால்தான் பேசுகிறோம்.

கோல லங்காட் வட்டாரத்தில் ஒரு தோட்டம். பெயர் வேண்டாம். சுற்றிலும் செம்பனையாகிவிட்ட பிறகும் கொஞ்சம் பால்மரம் நிற்கிற இடம். காலைப் பாலைச் சேர்த்து, அமோனியா கலந்து, டாங்கி லோரியில் ஏற்றிக் கிள்ளான் பக்கம் அனுப்புவது அங்கே வழக்கம். ஒருநாள், பந்திங்கிலிருந்து கிள்ளான் போகும் 5ஆம் எண் கூட்டரசுச் சாலையில், தெலுக் பங்லிமா காராங் தாண்டுவதற்குள் லோரி வலுவிழந்துவிட்டது. முன்னால் மஞ்சள் விளக்கு எரிகிறது. மிதித்தால் வேகம் ஏறவில்லை. உச்சி வெயிலில் ஓரமாக நிறுத்துவதும், ஆறவிட்டு ஊர்ந்து போவதுமாக அந்தி சாய்ந்துதான் போய்ச் சேர்ந்தது. அன்று அமோனியாவும் குறைவு. பால் திரியத் தொடங்கியிருந்தது.

மறுநாள் காரியாலயத்திலிருந்து இரண்டு உத்தரவு வந்தது. டிரைவருக்கு ஒரு கடிதம்: டாங்கியில் டீசலைக் குறையவிட்டு எண்ணெயைச் சூடேற்றிவிட்டாய், அல்லது வழியில் டீசலை விற்றுக் கலப்படம் ஊற்றினாய், விசாரணை முடியும்வரை வேலைக்கு வராதே, பழுதுச் செலவு உன் சம்பளத்தில் பிடிக்கப்படும். எங்களுக்கு வாய்மொழியாக ஒன்று: நேற்றைய பாலைக் கட்டிப்பால் கணக்கில் எழுது.

இரண்டாவதைப் பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. ஸ்டோரில் நிறுத்து, டிக்கட் எழுதி, தொழிலாளி கையில் கொடுத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு சாலையில் நடந்ததற்கு மரம் சீவிய அக்கா எப்படிப் பொறுப்பாவார்? எழுத மாட்டோம் என்றோம். எழுதவில்லை.

முதலாவதுதான் எங்களைப் பல இரவுகள் தூங்கவிடவில்லை. டிரைவர் அண்ணன் இருபது வருஷம் லோரி ஓட்டியவர். "நான் சூடேற்றவில்லை, தம்பி" என்பதைத் தவிர அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பட்டறைக்காரர் தொலைபேசியில், "டீசல் டெம்பரேச்சர் கோட் வந்திருக்கிறது" என்று சொல்லியிருக்கிறார். டெம்பரேச்சர் என்ற ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, டீசல் கொதித்துவிட்டது என்று ஆபீசில் முடிவு கட்டிவிட்டார்கள்.

அந்தக் கோட் எங்கிருந்து வருகிறது என்பதை நாங்கள் தேடித் தெரிந்துகொண்ட வரைக்கும் சொல்கிறோம். டீசல் ஓடும் வழியில், பில்டர் தலையிலோ பம்பின் பக்கத்திலோ, கட்டைவிரல் அளவில் ஒரு சென்சார் இருக்கிறது. உள்ளே கடுகுபோல ஒரு மணி. சூடு ஏற ஏற அதன் மின்தடை குறையும். பல வண்டிகளில் இருக்கும் ஒரு வகைக்கு, 20 டிகிரியில் 2500 ஓம்; 80 டிகிரியில் ஏறக்குறைய 300 ஓம்தான். செம்புக் கம்பி இதற்கு நேர்மாறு. சூடானால் அதற்குத் தடை கூடும். சூட்டில் தடை குறையும் இந்த விசித்திரத்தை 1833ஆம் ஆண்டிலேயே மைக்கேல் பாரடே வெள்ளி சல்பைடில் கண்டு எழுதிவைத்தார். நம் லோரிக்கு அது வந்துசேர ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் பிடித்திருக்கிறது.

இன்ஜினுக்கு இது எதற்கு? டீசல் சூடானால் விரியும். 10 டிகிரி ஏறினால் 1000 லிட்டர் டீசல் ஏறக்குறைய 1008 லிட்டராகும். அளவு கூடுகிறதே தவிர, எடை கூடுவதில்லை. ஆகையால் எவ்வளவு நேரம் ஊசியைத் திறந்து எண்ணெய் பீய்ச்சுவது என்பதைக் கணினிப் பெட்டி டீசலின் சூட்டைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறது. மிதமிஞ்சிச் சூடானால் டீசல் நீர்த்து, பம்புக்கு வழுவழுப்புப் போதாமல் தேய்ந்துவிடும். அப்போது வலுவைக் குறைத்து இன்ஜினைக் காப்பாற்றும்.

கிராணித் தோழர்கள் அந்த 8 லிட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பகலில் வெயிலில் வந்த டீசலை ஏற்றுக்கொண்டு, மறுநாள் விடியலில் குச்சிவிட்டு அளந்து, குறைகிறதே, யார் எடுத்தது என்று ஸ்டோர் பையனை மிரட்டுவது நம் தோட்டங்களில் நடந்திருக்கிறது. நம்மவர்களே மிரட்டியிருக்கிறோம்.

இனி அந்தக் கோட். பெட்டி சென்சாருக்கு 5 வோல்ட் அனுப்புகிறது. சென்சார் தன் தடைக்குத் தக்கபடி அதை இறக்குகிறது. சூடு கூடினால் வோல்ட் இறங்கும். வயர் எங்காவது அறுந்துபோனால் இறக்க ஆளில்லை. 5 வோல்ட்டும் அப்படியே நிற்கும். பெட்டி என்ன நினைக்கும்? தடை மிக அதிகம், ஆகவே டீசல் பனிக்கட்டியாகக் குளிர்ந்திருக்கிறது என்று நினைக்கும். இரண்டு வயரும் உரசி ஒன்றானால் வோல்ட் பூஜ்யத்துக்கு இறங்கும்; டீசல் கொதிக்கிறது என்று நினைக்கும்.

கனரக லோரிகள் பலவும் ஜே 1939 என்ற பொதுப் பாஷை பேசுகின்றன. அதில் கோட் என்பது ஒரு எண் அல்ல, இரண்டு எண். முதல் எண் எந்த இடம் என்று சொல்லும்: 174 என்றால் டீசலின் வெப்பம், 110 என்றால் ரேடியேட்டர் தண்ணீரின் வெப்பம். இரண்டாவது எண் என்ன கோளாறு என்று சொல்லும். 3 என்றால் வோல்ட் ஏறிக் கிடக்கிறது; 4 என்றால் வோல்ட் விழுந்து கிடக்கிறது. இரண்டும் வயர், பிளக், சென்சார் சம்பந்தப்பட்டவை. 0 அல்லது 16 வந்தால், அளவு சரியாகவே வருகிறது, டீசல் மெய்யாகவே சூடு என்று அர்த்தம். அப்போதுங்கூட டாங்கியில் டீசல் குறைந்ததா, கூலர் அடைத்ததா, தேய்ந்த ஊசிகள் சூடான எண்ணெயைத் திருப்பி அனுப்புகின்றனவா என்று பார்த்தாகவேண்டும்.

பட்டறைச் சீட்டை எழுத்தில் கேட்டோம். மூன்று நாள் கழித்து வந்தது. 174, பக்கத்தில் 3.

டீசலைச் சூடாக்கினார் என்று டிரைவர் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்; பெட்டியோ குளிருகிறது, குளிருகிறது என்று கத்திக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த நாள் பெரட்டுக்கு முன், விடியற்காலை ஐந்தரைக்கு, சங்கக் கமிட்டியில் இருவர், பட்டறைப் பையன், நாங்கள் எல்லோரும் லோரியண்டை நின்றோம். இரவு முழுக்க நின்ற வண்டியில் தண்ணீர், காற்று, டீசல் மூன்றும் ஒரே சூட்டில்தான் இருக்கவேண்டும். இன்ஜினைக் கிளப்பாமல் சாவியை மட்டும் திருப்பி, கருவியில் படித்தோம். தண்ணீர் 25. காற்று 25. டீசல் கழித்தல் 40. பந்திங்கில்! பட்டறைப் பையனே சிரித்துவிட்டான்.

சென்சாரைக் கழற்றி மாற்றிவிடலாம் என்றான். புதிதுக்குச் சொல்லியும் வைத்திருந்தார்கள். அவசரப்படாதே தம்பி, அளந்து பார் என்றோம். பிளக்கைப் பிடுங்கி, சென்சாரின் இரண்டு முள்ளில் மீட்டர் வைத்தான். 2000 ஓமுக்குச் சற்று மேல். 25 டிகிரிக்குச் சரியான அளவு. சென்சார் நல்ல உயிரோடு இருக்கிறது. வயர்ப் பக்கத்துப் பிளக்கில் வைத்தான். 5 வோல்ட்டுக்கு ஒட்டி வந்தது. அப்படியானால் வயரும் நல்லதுதானே என்றான். இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். மீட்டர் மிகச் சொற்ப மின்சாரமே குடிக்கும். மயிரிழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் முழு வோல்ட் காட்டும். ஆகவே பிளக்கின் இரண்டு துளையையும் சிறு கம்பியால் இணைத்தான். கழித்தல் 40, உச்சிச் சூட்டுக்குத் தாவவேண்டும். தாவவில்லை. பிளக்கின் பின்புறம், வயர் நுழையும் இடத்தில் இணைத்தான். தாவியது! பழுது பிளக்குக்குள் அரை அங்குலத்தில் இருந்தது.

ஒன்று சொல்லிவிடுகிறோம். இந்த இரண்டு வயர் எவை என்று நிச்சயமாகத் தெரியாமல் கம்பி வைக்காதீர்கள். வேறு முள்ளில் வைத்தால் பெட்டியே கருகும்.

பிரித்துப் பார்த்தால் உள்ளே பச்சைப் பாசிபோலப் பூத்திருக்கிறது. செம்பும் பித்தளையும் அமோனியாவுக்கு ஆகாது. பால் லோரியில் அமோனியா ஆவி எந்நேரமும் உண்டு. அதன்மேல் தினமும் மாலையில் சிந்திய பாலைக் கழுவ வேகக்குழாய்த் தண்ணீரை எல்லா மூலையிலும் அடிக்கிறார்கள். பிளக்கின் ரப்பர் வளையம் எப்போதோ கிழிந்திருந்தது. முள்ளை மாற்றி, வளையம் போட்டு, அதற்குரிய கிரீஸ் தடவ அரை மணி நேரம் பிடித்தது. கருவியில் டீசல் 26 என்று காட்டியது. வலு திரும்பிவிட்டது. எல்லா மாடலும் இப்படி வலுவைக் குறைப்பதில்லை. சிலவற்றில் விளக்கு மட்டும் எரியும்.

அளந்த எண்களையெல்லாம் நேரத்தோடு எழுதி, நின்றவர்கள் கையெழுத்து வாங்கி, மேனேஜர் மேசையில் வைத்தோம். கூடவே 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம். 24ஆம் பிரிவில், சம்பளத்தில் முதலாளி எவற்றைப் பிடிக்கலாம் என்று பட்டியல் இருக்கிறது. லோரி பழுதுச் செலவு அதில் கிடையாது. 14ஆம் பிரிவின்படி விசாரணைக்காக நிறுத்திவைப்பது இரண்டு வாரத்துக்கு மேல் கூடாது; அந்நாட்களுக்குப் பாதிச் சம்பளத்துக்குக் குறையாமல் தரவேண்டும்; குற்றம் இல்லையென்றானால் பிடித்துவைத்த மீதியையும் தரவேண்டும். தராவிட்டால் தொழிலாளர் இலாகாவுக்குப் போவோம் என்று மரியாதையாகவே சொன்னோம். கடிதம் வாபசானது. மேனேஜர் வருத்தம் தெரிவிக்கவில்லை, கேட்கவும் இல்லை.

இப்போது அங்கே ஸ்டோரில் ஒரு நோட்டு தொங்குகிறது. திங்கட்கிழமை விடியலில் டிரைவர் அண்ணனே மூன்று சூட்டையும் படித்துச் சொல்ல, ஒரு கிராணி எழுதுகிறார். விளக்கு எரிந்தால் தேதி, இரண்டு எண், டாங்கியில் எத்தனை லிட்டர் என்று எழுதி இருவரும் கையெழுத்திடுகிறார்கள். லோரி கழுவுகிறவரிடம் பிளக்குகளை நோக்கிக் குழாயைத் திருப்பாதே என்று சொல்லியாயிற்று. அவரும் சங்கத்து ஆள்தான். ஒரே பேச்சில் ஒத்துக்கொண்டார்.

நோட்டின் மாதிரி எங்களிடம் இருக்கிறது. வேண்டுகிற தோட்டத்தார் கூட்டம் முடிந்ததும் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். டிரைவர் அண்ணனுக்கு நிறுத்திவைத்த நாட்களின் பாதிச் சம்பளம் கைக்கு வந்துவிட்டது. மீதிப் பாதியை இம்மாதச் செக்ரோலில் எழுதியிருக்கிறோம், பட்டுவாடா வெள்ளிக்கிழமை.