பணம் போகிற வழியும் போய்ச் சேருகிற இடமும்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தீபாவளி நெருங்குகிறது, ஆன்லைனில் பொருள் வாங்குவது பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்று செயலர் கேட்டுக்கொண்டார். நான் கம்ப்யூட்டர் படித்தவன் இல்லை. வங்கிக் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து காலம் கழித்தவன். அதனால் பணத்தின் பக்கத்தில் நின்று மட்டும் பேசுகிறேன்.

இங்கே இருக்கும் பெரியவர்களுக்கு வி.பி.பி. ஞாபகம் இருக்கும். சென்னையிலிருந்து புத்தகம் வரும், தபால்காரரிடம் பணத்தைக் கொடுத்துவிட்டுப் பார்சலை வாங்குவோம். கண்ணால் பார்க்காத கடையில் வாங்குவது நமக்குப் புதிதில்லை. அன்றைக்கு நடுவில் தபால் துறை ஒன்றுதான் நின்றது. இன்று கடையின் தளம், பணத்தை வாங்கிக் கைமாற்றும் பேமென்ட் நிறுவனம், உங்கள் வங்கி, கடைக்காரருடைய வங்கி, இவற்றை இணைக்கும் ரூபே, விசா, யூபிஐ என்று பலர் நிற்கிறார்கள். பட்டனை அழுத்திய சில நொடிகளில் இத்தனை பேர் கையையும் தாண்டிப் பணம் போகிறது.

அந்த வழிக்கு நம் நாட்டில் நல்ல காவல் இருக்கிறது. கார்டு எண் மட்டும் தெரிந்தால் போதாது, இன்னொரு அடையாளமும் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2009 ஆகஸ்ட் முதல் கட்டாயமாக்கியது. நாம் தினமும் சலித்துக்கொள்ளும் ஓடிபி வந்தது அதனால்தான். 2022 அக்டோபர் முதல் கடைத் தளங்கள் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்கக் கூடாது. டோக்கன் என்ற மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ளலாம். அந்த எண்ணைத் திருடிக்கொண்டு போனாலும் வேறு கடையில் செல்லாது. தள முகவரிக்குப் பக்கத்தில் தெரியும் பூட்டுப் படம், நீங்கள் தட்டச்சு செய்வதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு அடையாளம். ஒரு ஓட்டையும் உண்டு. சில வெளிநாட்டுத் தளங்களில் ஓடிபி கேட்காமலே கார்டிலிருந்து பணம் எடுத்துவிடுவார்கள். வங்கிச் செயலியில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை அணைத்து வைக்கும் வசதி இருக்கிறது. பிள்ளைகளைப் பார்க்க அமெரிக்கா போகும்போது திறந்துகொள்ளலாம், மற்ற நாளில் மூடியே இருக்கட்டும்.

இதெல்லாம் வழிக்குக் காவல். வழியின் கடைசியில் இருப்பவன் வியாபாரியா, திருடனா என்று எந்தப் பூட்டும் சொல்லாது. திருடனும் தன் தளத்துக்கு அதே பூட்டுப் படத்தை இலவசமாக வாங்கிக்கொள்ளலாம்.

நமக்குப் பக்கத்து ஊர் உதாரணத்தையே சொல்கிறேன். 2024 தீபாவளிக்கு முன்பு தமிழ்நாடு காவல்துறையின் சைபர் கிரைம் பிரிவு ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. யூடியூபிலும் இன்ஸ்டாகிராமிலும் பட்டாசு பாதி விலைக்கும் கீழே என்று விளம்பரம் வரும். வாட்ஸ்அப்பில் விசாரித்தால் மரியாதையாகப் பதில் சொல்வார்கள், விலைப்பட்டியல் அனுப்புவார்கள், அழகான தளத்துக்கு லிங்க் கொடுப்பார்கள். பணம் போனதும் தளமும் இருக்காது, போனும் எடுக்கமாட்டார்கள். சிவகாசி நமக்கு இரண்டு மணி நேரத்துக்குள் போய்ச் சேரும் ஊர். அந்த ஊர்ப் பெயரைச் சொன்னாலே நம்பிவிடுகிறோம். அந்த நம்பிக்கைதான் அவர்களுக்கு முதலீடு.

இதில் இன்னொன்று பலருக்குத் தெரியாது. இ-காமர்ஸ் தளங்கள் பட்டாசுக்கு ஆர்டர் எடுக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்றே உத்தரவிட்டிருக்கிறது. தடை செய்த வழியில் வாங்கப் போய் ஏமாந்தவர் புகார் கொடுக்கத் தயங்குவார், திருடனுக்கு அதுவும் சாதகம் என்பது என் எண்ணம். தயங்காமல் கொடுங்கள்.

சரி, போன பணத்துக்கு யார் பொறுப்பு? இதைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள், ஏனென்றால் வங்கியில் அதிகம் சண்டை வருவது இங்கேதான். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. உங்கள் தவறும் இல்லை, வங்கியின் தவறும் இல்லை, மூன்றாம் ஆள் உங்களுக்குத் தெரியாமல் பணத்தை எடுத்துவிட்டான் என்றால், வங்கியிலிருந்து தகவல் வந்த மூன்று வேலை நாட்களுக்குள் சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொன்னால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. நான்கிலிருந்து ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் உங்கள் பங்குக்கு ஓர் உச்சவரம்பு உண்டு. சாதாரண சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். அதற்கும் மேல் தாமதித்தால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி. ஓடிபியை நீங்களே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை போன பணம் உங்கள் தலையில். தெரிவித்த பிறகு போவதற்கு வங்கி பொறுப்பு. அதனால் வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு நாள் வீட்டில் உட்காராதீர்கள்.

போலிப் பட்டாசுக் கடை விஷயத்தைப் பாருங்கள். அங்கே யாரும் உங்கள் கணக்கை உடைக்கவில்லை. நீங்களே பின் எண்ணைப் போட்டு அனுப்பினீர்கள். வங்கியின் கண்ணில் அது ஒழுங்கான பரிவர்த்தனை. பூட்டு, ஓடிபி, டோக்கன் எல்லாம் சரியாக வேலை செய்து, பணத்தைப் பத்திரமாகத் திருடனிடம் கொண்டு சேர்த்திருக்கின்றன.

ஆகவே பார்க்க வேண்டிய இடம், பின் எண் போடுவதற்கு முந்தைய திரை. யூபிஐயில் பணம் பெறுபவரின் பெயரை, அவரே வைத்துக்கொண்ட பெயராக இல்லாமல் வங்கிப் பதிவில் உள்ளபடி காட்ட வேண்டும் என்று என்பிசிஐ 2025ல் செயலிகளுக்கு உத்தரவிட்டது. விளம்பரத்தில் ஏதோ பைரோ டிரேடர்ஸ், திரையில் யாரோ ஒரு தனியாளின் பெயர் என்றால் அங்கேயே நிறுத்துங்கள். விளக்குத்தூண் பக்கம் ஜவுளி எடுத்தால் கல்லாவில் உட்கார்ந்திருப்பவரிடம்தானே பணம் கொடுப்போம், வாசலில் நிற்பவரிடமா? பணம் பெறுவதற்குப் பின் எண்ணே தேவையில்லை என்பதையும் வீட்டில் எல்லோருக்கும் சொல்லிவையுங்கள். பழைய சோபாவை விற்கிறேன் என்று போட்டால், பணம் அனுப்புகிறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள் என்று ஒருவன் வருவான். ஸ்கேன் செய்து பின் போட்டால் உங்கள் பணம்தான் போகும்.

வங்கியின் பெயரில் வரும் லிங்க் பற்றி ஒரு வார்த்தை. வங்கிகள் தங்கள் தளத்தை ‘டாட் பேங்க் டாட் இன்’ என்று முடியும் முகவரிக்கு 2025 அக்டோபர் 31க்குள் மாற்ற வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. முகவரியின் முடிவைப் பார்த்துப் பழகுங்கள். கஸ்டமர் கேர் எண்ணைக் கூகுளில் தேடாதீர்கள், கார்டின் பின்புறமே அச்சடித்திருக்கிறது. கல்யாணப் பத்திரிகை, கரண்ட் பில் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பைத் திறக்கவே வேண்டாம். திறந்து நிறுவிவிட்டால் உங்களுக்கு வரும் ஓடிபியை அது அங்கே அனுப்பிவிடும்.

மீறிப் போய்விட்டால் 1930. இந்த எண்ணை இப்போதே போனில் பதிந்துகொள்ளுங்கள், நான் காத்திருக்கிறேன். நீங்கள் சொல்லும் விவரத்தை அவர்கள் பணம் போன வங்கிக்கு அனுப்பி, கணக்கில் மீதி இருப்பதை நிறுத்தி வைக்கச் செய்வார்கள். திருடன் பணத்தை ஒரே கணக்கில் வைத்திருக்கமாட்டான், அங்கிருந்து நாலு கணக்குக்குப் பிரித்துவிடுவான். முதலில் 1930, அடுத்த போன் உங்கள் வங்கிக்கு. பிறகு மகனிடம் சொல்லலாம். பரிவர்த்தனை எண், தேதி, தொகை கையில் இருக்கட்டும், வாட்ஸ்அப் உரையாடலை அழித்துவிடாதீர்கள்.

கடை உண்மையான கடைதான், பொருள்தான் மட்டம் என்றால் அது வேறு வழக்கு. 2020ன் இ-காமர்ஸ் விதிகளின்படி தளம் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். இல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. விற்றவர் டெல்லியில் இருந்தாலும் நம் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். வாங்கியவர் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்க 2019 சட்டம் இடம் தருகிறது.

கடைசியாக நம் கேட் விஷயம். யாரும் ஆர்டர் செய்யாத பார்சலைக் கொண்டுவந்து, கேஷ் ஆன் டெலிவரி, 499 ரூபாய் என்று வாட்ச்மேனிடம் கேட்பதும் ஒரு வகை ஏமாற்று. உள்ளே பழந்துணி இருக்கும். வீட்டுக்காரர் இன்டர்காமில் தாமே ஒப்புக்கொள்ளாமல் கேட்டில் யாரும் பணம் கொடுக்கக் கூடாது என்று சங்கம் ஒரு தீர்மானம் போட வேண்டும் என்று முன்மொழிகிறேன். டெலிவரி ஓடிபியை இன்டர்காமில் சொல்லும்போது, அந்தக் குறுஞ்செய்தி டெலிவரிக்குத்தானா, வங்கியிலிருந்து வந்ததா என்று முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். அட்டைப்பெட்டியைக் குப்பையில் போடும்முன் பெயரும் போன் எண்ணும் ஒட்டிய சீட்டைக் கிழித்துவிடுங்கள். பராமரிப்புக் கட்டணத்துக்கான க்யூஆர் அலுவலக அறையின் கண்ணாடிக்கு உள்பக்கம் மட்டும்தான் ஒட்டியிருக்கும், சங்கத்தின் பெயரில்தான் திரையில் வரும். வாட்ஸ்அப் குழுவில் வேறு ஏதாவது க்யூஆர் வந்தால், அது செயலர் எண்ணிலிருந்தே வந்திருந்தாலும், அவரை ஒரு தடவை கூப்பிட்டுக் கேளுங்கள். அவர் கோபித்துக்கொள்ளமாட்டார் என்று இங்கேயே வாக்குக் கொடுத்திருக்கிறார்.