பொக்லைன் நம்ம குழுவோடது, ஆயில் பாக்கிறது யாரு?

(சிதம்பரத்தில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில், பொக்லைன் வாங்கி ஓட்டும் குழுவின் உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சு நடையைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறோம்.)



போன கூட்டத்தில், இரண்டு மூன்று குழுக்கள் சேர்ந்து சின்ன பொக்லைன் வாங்கி வாடகைக்கு விடலாமா என்று பேச்சு வந்தது. நாங்க ஏற்கனவே வாங்கி ஓட்டுறவங்க என்பதால் என்னைப் பேசச் சொன்னாங்க. கடன் விவரத்தை எல்லாம் எங்க பொருளாளர் அப்புறம் சொல்லுவாங்க. வாங்கின மெஷின் ஏன் நின்னு போகுது, நிக்காம இருக்க நாம என்ன பாக்கணும், இதைத்தான் நான் சொல்லப்போறேன்.

பொக்லைன், ஹிட்டாச்சி, ஜேசிபி என்று நம்ம ஊரில் ஆளுக்கொரு பேர் சொல்கிறோம். அதெல்லாம் கம்பெனிப் பேருங்க. மண் தோண்டும் மெஷினுக்கே பேராகிப் போச்சு. நான் சொல்வது இரண்டு மூன்று டன் எடையில், சங்கிலிப் பட்டையில் ஓடும் சின்ன மெஷின். முந்திரி மரங்களுக்கு நடுவிலும், குறுகலான வாய்க்கால் கரையிலும் புகுந்து போகும். கை நுனியில் இருக்கும் பக்கெட்டைக் கழட்டிவிட்டுக் குழி எடுக்கும் ஆகரை மாட்டலாம், கல் உடைக்கும் பிரேக்கரை மாட்டலாம். எங்களுக்கு வருமானமும் அதில்தான், தொல்லையும் அதில்தான்.

2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் அடித்ததை யாரும் மறந்திருக்க மாட்டீங்க. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்தன. மரத்தை அறுத்து எடுத்தாலும் வேர்க்கட்டை நிலத்திலேயே நின்றது. அதைத் தோண்டி எடுத்து, மறுபடி கன்று வைக்கக் குழி எடுத்தால்தான் கொல்லை கொல்லையாகும். அன்றைக்குத் தோன்றின யோசனை, எங்க குழுவுக்குக் கைகூட ரொம்ப வருஷம் ஆச்சு. இப்போ செம்மண் பக்கம் குழி எடுக்கிறோம். இந்தப் பக்கம் வந்தால் வாய்க்கால் தூர் வாருகிறோம்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். இந்த மெஷினைத் தூக்க வைப்பது என்ஜின் இல்லை, எண்ணெய். என்ஜின் பம்பைச் சுற்றும். பம்ப் எண்ணெயை ஹோஸ் வழியாகத் தள்ளும். அந்த எண்ணெய் உருளைக்குள் போய் பிஸ்டனைத் தள்ள, கை தூக்குது, பக்கெட் மடங்குது. கார் டயரில் 30 பவுண்டு காற்று அடிக்கிறோம் இல்லையா, இந்த ஹோஸுக்குள் ஓடும் எண்ணெயின் அழுத்தம் ஏறக்குறைய 3000 பவுண்டு. மெஷினுக்கு மெஷின் கூடக் குறைய இருக்கும். இந்த ஒரு கணக்கை மட்டும் மனசில் வைத்துக்கொள்ளுங்க.

எங்க ஆபரேட்டர் என் ஓரகத்தி மகன். நல்லா ஓட்டுவான். ஒருநாள் ஆகருக்குப் போகும் ஹோஸில் எண்ணெய் கசியுது என்று, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆள்காட்டி விரலால் தடவிப் பார்த்தான். சுருக்கென்று ஏதோ குத்தியிருக்கு. "ஒண்ணும் இல்ல பெரியம்மா, முள்ளு குத்தின மாதிரிதான்" என்றான். பார்த்தால் ஒரு சின்னப் புள்ளி, ரத்தம்கூட வரவில்லை. முதலில் காட்டின இடத்தில் தடுப்பூசி போட்டு, மருந்து தடவி அனுப்பிவிட்டார்கள். ராத்திரி விரல் வீங்கி வெளுத்துப் போச்சு. வலி தாங்காமல் அழுதான். விடிஞ்சு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். விரலைக் கிழித்துக் கழுவியும் இரண்டு கணுவை எடுக்க வேண்டியதாப் போச்சு.

ஊசி முனை அளவு ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய், தோலைத் துளைத்து உள்ளே ஏறிவிடும். உள்ளே போன எண்ணெய் சதையைக் கெடுக்கும். முதலில் வலி தெரியாது, அதுதான் ஆபத்து. எங்கேயாவது இப்படி ஆனால் சாப்பிட்டுவிட்டுப் போகலாம் என்று இருக்காதீங்க. ஆபரேஷன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே போகணும். டாக்டரிடம் "குத்திடுச்சு" என்று சொன்னால் போதாது. "அழுத்தத்தில் இருந்த ஹைட்ராலிக் ஆயில் தோலுக்குள்ள ஏறிடுச்சு" என்று அந்த வார்த்தையிலேயே சொல்லணும். சில மணி நேரம் தள்ளிப்போனால்கூட விரல் போகும்.

கசிவு எங்கே என்று பார்க்க ஒரு அட்டைத் துண்டு போதும். தள்ளி நின்று, கண்ணாடி போட்டுக்கொண்டு, அட்டையை ஹோஸ் பக்கம் காட்டினால் எண்ணெய் படியும். கை மட்டும் போகக்கூடாது.

இதில் என் தப்பும் இருக்கு, சொல்லிடறேன். அந்த ஹோஸ் கையின் இரும்பு விளிம்பில் உரசுவதை நான் பல நாள் பார்த்திருக்கேன். எண்ணெயும் மண்ணும் சேர்ந்து அடை மாதிரி ஒட்டியிருந்தது. ஆம்பளைங்க பாக்கிற வேலை, நாம ஏன் கேக்கணும் என்று விட்டுட்டேன். கடன் பத்திரத்தில் கையெழுத்து போட்டது நாங்க. மெஷினை உத்துப் பார்க்க மட்டும் எங்களுக்குக் கூச்சம்.

அதற்குப் பிறகு தீர்மான நோட்டில் எழுதினோம். வாரம் இரண்டு உறுப்பினர், முறை வைத்து, காலையில் மெஷின் கிளம்பும் முன் பார்க்கணும். சேமிப்புக் கணக்கு மாதிரியே இதற்கும் தனி நோட்டு.

சமமான இடத்தில் நிறுத்தி, பக்கெட்டைத் தரையில் இறக்கி, என்ஜினை அணைத்துவிட்டு ஆயில் கண்ணாடியைப் பார்க்கணும். கை எந்த நிலையில் இருக்கணும் என்பது மெஷின் புத்தகத்தில் படத்தோடு இருக்கும். அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி விடாதீங்க. டீசல் எரிஞ்சு போகும், ஹைட்ராலிக் ஆயில் எரிஞ்சு போகிற பொருள் இல்லை. குறையுதுன்னா எங்கேயோ ஒழுகுது, அதை முதலில் தேடணும். ஆயில் மோர் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கு. கறுத்துத் தீய்ந்த வாடை வந்தால் மெஷின் அளவுக்கு மேல் சூடாகியிருக்கு. நுரை கட்டினால் எங்கேயோ காற்றை இழுக்குது. ஊற்றும்போது 46, 68 என்று டின்னில் போட்டிருக்கும் எண்ணைப் பாருங்க. புத்தகத்தில் சொன்ன எண்ணைத்தான் ஊற்றணும், கடையில் இருப்பதை அல்ல.

அடுத்து பிஸ்டன் தண்டு. கண்ணாடி மாதிரி பளபளன்னு இருக்கும். மெஷின் அணைந்திருக்கும்போது அதில் நகத்தை ஓட்டிப் பாருங்க. கீறலில் நகம் மாட்டினால் சீக்கிரமே சீல் போகும். கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் உப்புத் தண்ணி வாய்க்காலில் வேலை பார்த்துவிட்டு அப்படியே நிறுத்தினால் தண்டில் துரு பிடிக்கும். நல்ல தண்ணீரில் கழுவி, வெளியே தெரியும் தண்டில் கொஞ்சம் எண்ணெய் தடவி வைப்போம். பின்களுக்கு கிரீஸ் அடிக்கும்போது அழுக்குக் கிரீஸ் பிதுங்கி, புதுசு எட்டிப் பார்க்கும்வரை அடிக்கணும். சிதம்பரம் பக்கத்துக் களி மூட்டில் ஒட்டி இறுகும். பண்ருட்டிச் செம்மண்ணில் இருக்கும் மணல் உப்புத்தாள் மாதிரி பின்னையும் புஷ்ஷையும் தேய்க்கும்.

மெஷின் மந்தமாயிடுச்சு என்று ஆபரேட்டர் சொன்னால் நீங்க ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "எல்லாமே மெதுவாவா, ஒண்ணு மட்டும் மெதுவாவா?" வீட்டில் எல்லா விளக்கும் போனால் பீஸைப் பார்ப்போம், ஒரு விளக்கு போனால் பல்பைப் பார்ப்போம், அந்தக் கதைதான். எல்லாமே மெதுவென்றால் ஆயில் குறைவு, பில்டர் அடைப்பு, பம்ப், இந்த வரிசையில் பார்க்கணும். பக்கெட் மட்டும் என்றால் அந்த உருளையும் அதன் ஹோஸும். ஆகர் மட்டும் சுத்தலை என்றால் முதலில் கப்ளர். அது கடைசிவரை போய் உட்காரலைன்னா எண்ணெய் பாதிதான் போகும். அதுவும் சரியா இருந்தால் அதே லைனில் பிரேக்கரை மாட்டிப் பாருங்க. அது நல்லா அடித்தால் கோளாறு ஆகரில், அதுவும் சோர்ந்தால் கோளாறு மெஷின் லைனில். இது தெரியாமல் நாங்க ஒருமுறை நல்ல பம்பைக் கழட்ட வைத்தோம். மெக்கானிக் கூலி தண்டம்.

கப்ளர் விஷயத்தில் நம்ம வெயிலைச் சொல்லணும். கழட்டின ஆகரை வெயிலில் போட்டால், ஹோஸுக்குள் அடைபட்ட எண்ணெய் சூட்டில் விரியும். மறுநாள் மாட்டப் போனால் கப்ளர் உள்ளே போகாது. பையன்கள் சுத்தியலால் அடிப்பார்கள். அடித்தால் கப்ளர் கெட்டது. நிழலில் ஆறவிட்டால் பெரும்பாலும் தானாகச் சரியாகும். கழட்டும் முன்பே என்ஜினை அணைத்து, புத்தகத்தில் சொன்னபடி லீவரை இரண்டு பக்கமும் அசைத்து அழுத்தத்தை இறக்கிவிட்டால் இந்தத் தொல்லையே வராது. கழட்டினதும் இரண்டு முனையையும் சுத்தத் துணியால் துடைத்து மூடி போடணும். மூடி தொலைஞ்சா பாலிதீன் பை கட்டியாவது வைங்க. ஒரு சிட்டிகை மண் எண்ணெயோடு உள்ளே போனால் பம்ப், வால்வு எல்லாவற்றையும் சுரண்டும். எங்க அனுபவத்தில் பாதிக் கோளாறு மாட்டிக் கழட்டும் நேரத்தில் ஏறின மண்தான்.

பிரேக்கருக்கு அடிக்கடி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறையாவது, கிரீஸ் வேணும். உளியைத் தரையில் ஊன்றி மேலே ஏற்றிவிட்டு அடிக்கணும், இல்லைன்னா கிரீஸ் தப்பான இடத்தில் சேரும். ஒரே இடத்தில் அரை நிமிஷத்துக்கு மேல் அடிக்கக்கூடாது. கல்லில் படாமல் வெறுமனே அடிப்பதும், உளியை வைத்துக் கல்லை நெம்புவதும் பிரேக்கருக்கு எமன்.

ஹோஸ் போனால் சைக்கிள் டியூப் சுற்றுவது, கிளிப் போடுவது, இதெல்லாம் இங்கே ஆகாது. அதே அழுத்தம் தாங்கும் ஹோஸை முனை வைத்து அழுத்தித் தரும் கடையில்தான் வாங்கணும். மணிக்கு 1,000 ரூபாய் வாடகை என்று வைத்துக்கொள்ளுங்க. எட்டு மணி நேரம் மெஷின் நின்றால் 8,000 ரூபாய் போச்சு, வங்கித் தவணை மட்டும் நிக்காது. ஒரு ஹோஸைக் கூடுதலாக வாங்கி வைப்பதை வீண் செலவு என்று சொன்ன எங்க உறுப்பினர்கள் இப்போ சொல்வதில்லை.

வாங்கலாமா வேண்டாமா என்று கேட்டால், அவசரப்படாதீங்க என்பேன். வேளாண்மைப் பொறியியல் துறை மண் தோண்டும் இயந்திரங்களை வாடகைக்கு விடுது. ஒரு பருவம் வாடகைக்கு எடுத்து, கூடவே நின்று பாருங்க. நோட்டு எழுத ஆள் இருக்கான்னு அப்போ தெரிஞ்சிடும்.

பரங்கிப்பேட்டையிலிருந்து வந்த அக்கா ஒருத்தர், வாய்க்காலில் தண்ணி இருக்கும்போதே பழைய கான்கிரீட்டை பிரேக்கரால் உடைக்கலாமான்னு சீட்டு அனுப்பியிருக்காங்க. தண்ணிக்குள் வேலை செய்யவென்றே தனி வசதி வைத்த பிரேக்கராக இல்லாவிட்டால் வேண்டாம்க்கா. ஒவ்வொரு அடிக்கும் உளிப் பக்கம் தண்ணியை உள்ளே இழுக்கும். உள்ளே துரு பிடிக்கும், சீல் போகும், ஆயில் மோராகிடும். முதல்ல மடையை அடைச்சுத் தண்ணியை வடிய விடுங்க. ரெண்டு நாள் லேட்டானாலும் பரவாயில்லை.