காணிக்கைக்கு முன்னே சமாதானம்



தேவனோடுள்ள சமாதானம், அதிலிருந்து பிறக்கும் ஆராதனை என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை போகலாம். போனால் இரவுச் சாப்பாடு ஆறிப்போகும். ஆகவே தென்னிந்தியத் திருச்சபையின் திருவிருந்து ஆராதனையில் இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகிற ஒரு சின்னச் செயலை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மன்றாட்டு ஜெபங்கள் முடிந்து, சபை எழுந்து நிற்கும்போது, ஆயர் சமாதானம் கொடுக்கிறார். கொடுப்பவர் தம் வலது உள்ளங்கையைப் பெறுபவரின் வலது உள்ளங்கையோடு சேர்க்க வேண்டும். பிறகு ஒவ்வொருவரும் இடது கையால் மற்றவரின் வலது கையை மூடிக்கொள்ள வேண்டும். ஆயர் முதலில் தம்மோடு பணிசெய்கிறவர்களுக்குக் கொடுக்கிறார். அவர்கள் இறங்கி வந்து சபைக்குக் கொடுக்கிறார்கள். வரிசை வரிசையாகக் கைமாறி அது கடைசி பெஞ்சு வரை போக வேண்டும். இன்று பல நகரத்துச் சபைகளில் நின்ற இடத்திலேயே வலமும் இடமும் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டு, பாமாலைப் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிடுகிறோம். அவசரம். ஆனால் அவசரத்தில் விட்டுப்போனது என்ன என்று பார்க்கலாம்.

1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கர், மெதடிஸ்ட், ஏற்கெனவே பிரெஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனலாரும் இணைந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபை என்று வெவ்வேறு வழக்கத்தார் ஒன்றானார்கள். எல்லாருக்கும் பொதுவாக ஒரு திருவிருந்து ஆராதனை முறை தேவைப்பட்டது. லெஸ்லி பிரௌன் பொறுப்பேற்றிருந்த குழு அதை ஆக்கிக் கொடுத்தது. 1950 ஜனவரியில் மதுரையில் கூடிய சினாட்டில் அது முதன்முதலாகப் பயன்பட்டது. கைகோத்துச் சமாதானம் கொடுக்கும் முறையைக் கேரளத்துச் சுரியானி மரபிலிருந்து அந்தக் குழு எடுத்துக்கொண்டது. பின்னாளில் மேலைநாட்டுச் சபைகள் தங்கள் ஆராதனை முறைகளைத் திருத்தியபோது மதுரையில் நடந்ததை எடுத்துப் பார்த்தன என்பதில் நமக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

கவனிக்க வேண்டியது அதன் இடம். காணிக்கைக்கு முன்னால் வைத்தார்கள். பலிபீடத்தண்டை வந்து நிற்கும்போது சகோதரனுக்குத் தன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகச் சொன்ன மத்தேயு 5ஆம் அதிகாரம்தான் அதற்கு ஆதாரம். இரண்டாம் நூற்றாண்டின் நடுவில் ரோமில் இருந்த கிறிஸ்தவ ஆசிரியர் ஜஸ்டின் எழுதிவைத்ததிலும் இதே வரிசைதான்: ஜெபம், சமாதான முத்தம், அதன்பிறகே அப்பமும் பாத்திரமும் கொண்டுவரப்படும். பாவ அறிக்கை, பாவமன்னிப்பு, வசனம், மன்றாட்டு எல்லாம் கடந்து, தேவன் தம் பக்கத்துக் கணக்கைத் தீர்த்துவிட்டார் என்று கேட்டபிறகுதான் நம் கை நீள்கிறது. பெஞ்சில் இருக்கும் யாரும் சமாதானத்தைத் தாமாகத் தொடங்க முடியாது. திருவிருந்து மேசையருகிலிருந்து வர வேண்டும், வந்ததை வாங்கிக் கொடுக்க வேண்டும்.

நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். பாடிப் பாடி நாம் சமாதானத்தை உண்டாக்குவதில்லை. அது நமக்கு முன்பே உண்டாகிவிட்டது; நம் பாட்டு அதற்குப் பின்னால் வருகிறது.

சமாதானம் முன்னும் ஆராதனை பின்னும் என்ற அந்த வரிசை மாறினால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்திலிருந்து ஒரு கதை. மேலைச் சபையில் முத்தம் கொடுத்துக்கொள்வது சங்கடமாகிப்போகவே, 13ஆம் நூற்றாண்டில் ஒரு பலகையைச் சுற்றுக்கு விடும் வழக்கம் வந்தது. சிலுவைக் காட்சி பொறித்த பலகை. குரு முத்தமிட்டுக் கொடுப்பார், சபையார் ஒருவர்பின் ஒருவராக முத்தமிடுவார்கள். யாருக்கு முதலில்? நம் ஊர் முதல் மரியாதைச் சண்டைகளைப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. எசெக்ஸில் தெய்டன் கார்னன் என்ற ஊரில், 1522இல், ஜான் பிரௌன் என்பவர் பலகையை வாங்கிப் பயபக்தியோடு முத்தமிட்டார்; பிறகு அதே பலகையால் அதைக் கொண்டுவந்த கோயில் ஊழியர் தலையில் ஓங்கி அடித்தார். ரத்தம் தரையில் ஓடியது. தமக்கு முன்னால் வேறொரு தம்பதிக்குப் பலகை போய்விட்டதாம். அந்தக் கோபமும் அன்றைக்கு வந்ததில்லை. முந்தின ஞாயிறே எச்சரித்திருந்தார். ஒரு வாரம் முழுக்க வளர்த்துவைத்திருந்து, அதையும் சுமந்துகொண்டு ஆராதனைக்கு வந்திருக்கிறார். முத்தம் முறைப்படி நடந்தது என்பதுதான் இதில் பயங்கரம்.

முப்பது வருஷம் கழித்து, 1552இல் வந்த ஆங்கிலிக்க ஜெபப் புத்தகத்தில் சமாதானம் சொல்லும் இடமே எடுபட்டுப் போனது.

இன்னொரு சம்பவத்தில் சற்று நிற்க விரும்புகிறேன். 1736 ஜனவரி 25, ஞாயிறு. அமெரிக்க ஜார்ஜியாவுக்குப் போய்க்கொண்டிருந்த 'சிம்மண்ட்ஸ்' கப்பலில், பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி இருந்தார். மொரேவிய சபையைச் சேர்ந்த ஜெர்மானியர் சிலரும் இருந்தார்கள். மாலையில் அவர்கள் ஆராதனையைத் தொடங்கிச் சங்கீதம் பாடிக்கொண்டிருக்கையில் கடல் கப்பல்மேல் ஏறியது. பெரிய பாய் துண்டுதுண்டாகக் கிழிந்தது. தளங்களுக்கிடையே தண்ணீர் கொட்டியது. ஆங்கிலேயர் அலறினார்கள். மொரேவியர் பாட்டை நிறுத்தவில்லை. பயமாயில்லையா என்று பிறகு வெஸ்லி ஒருவரிடம் கேட்டார். இல்லை என்றார் அவர். பெண்களும் பிள்ளைகளும்கூடவா என்றதற்கு, அவர்களுக்கும் சாவைப் பற்றிப் பயமில்லை என்று பதில் வந்தது.

புயலை எல்லாரும் சொல்வார்கள். புயலுக்கு முன்பே வெஸ்லி கண்டு, நாட்குறிப்பில் எழுதியதை அவ்வளவாகச் சொல்வதில்லை. மற்றப் பயணிகள் செய்யக் கூசின எடுபிடி வேலைகளை அந்த மொரேவியர் கூலி வாங்காமல் செய்தார்கள். தள்ளினாலும் அடித்தாலும் எழுந்து போய்விடுவார்கள், ஒரு முறையீடும் கிடையாது. பெருமையும் கோபமும் இல்லாத இவர்களிடம் பயமும் இல்லையா என்று பார்க்கப் புயலில் வாய்ப்பு வந்தது என்கிறார் வெஸ்லி. மனுஷர் தந்த அவமானத்தில் தேறியபிறகே கடலின் சோதனை வந்தது. 

வெஸ்லியின் கதை அத்தோடு முடியவில்லை. 1738 மே 24 அன்று லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெருக் கூட்டத்தில் அவர் இருதயம் அனல்கொண்டதை எல்லா மெதடிஸ்ட் வீடுகளிலும் சொல்வார்கள். 1739 ஜனவரியிலோ, தாம் கிறிஸ்தவரே இல்லை என்று அவரே எழுதுகிறார். இதைப் படித்துச் சங்கடப்பட வேண்டியதில்லை. ரோமர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் சொல்லும் சமாதானம் மனநிலையைக் குறித்ததன்று. வழக்கு தீர்ந்தவன் நீதிமன்றத்துக்கு வெளியே வந்தும் கை நடுங்கிக்கொண்டு நிற்கலாம், தீர்ப்பு மாறாது. ஆகவேதான் துக்க வீட்டிலிருந்து நேரே வந்து, வாய் திறந்து பாட முடியாமல் உட்கார்ந்திருக்கிற அம்மாவும் ஆராதிக்கிறாள் என்று துணிந்து சொல்கிறேன். 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது; அதையும் சபை ஆராதனைப் புத்தகத்தில்தான் வைத்திருக்கிறது. கீபோர்டும் டிரம்ஸும் எனக்குப் பகையில்லை. சபையின் உணர்ச்சி எழும்பும்வரை ஒரே அடியைத் திரும்பத் திரும்பப் பாடவைக்கும் தலைவர்களிடம் மட்டும் ஒரு வார்த்தை: எழும்பாதவர்களும் சமாதானம் பெற்றவர்களே.

இனி நம் வீட்டுக் கணக்கு. கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் 1833இல், சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது, எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து ஒரே பாத்திரத்தில் பங்குபெற வேண்டும் என்று கட்டளை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெருங்கூட்டம் விலகிப்போனது. எதிர்த்தவர்களின் பக்கம் நின்றார் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார். இன்றுவரை நாம் கண்ணீரோடு பாடும் கீர்த்தனைகளைத் தந்தவர். அவருடைய பக்தி போலி என்று நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். தேவனோடு அவருக்கிருந்த உறவு அந்தப் பாட்டுகளில் ஓடுகிறது. அது பாத்திரம் வரை வந்து, பக்கத்திலிருந்தவனின் உதடு பட்ட இடத்தில் நின்றுவிட்டது. சாஸ்திரியாரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிட்டு நாம் தப்பிக்கவும் முடியாது. கல்லறைத் தோட்டத்தைப் பிரித்துவைத்திருக்கிற ஊர்கள் இன்றும் உண்டு.

அப்படிப்பட்ட மண்ணில் உள்ளங்கையோடு உள்ளங்கை படவேண்டும் என்று எழுதிவைத்தது சாதாரணக் காரியமில்லை. தொடாமலே மரியாதை செய்ய நமக்குக் கும்பிடு இருக்கிறது, அழகான வழக்கம்தான். ஆனால் யாரையும் தொடாமலே ஆராதனையை முடித்துக்கொண்டு வீடு போகவும் அது வசதியாயிருக்கிறது.

ஆயர்களிடமும் சபை மூப்பர்களிடமும் ஒரு விண்ணப்பம். சேகரத் தேர்தல் முடிந்த மறு ஞாயிற்றிலாவது, எழுதியிருக்கிறபடி மேசையிலிருந்து தொடங்கி, கையிலிருந்து கைக்குக் கடைசி பெஞ்சு வரை சமாதானம் போகட்டும். தேர்தலில் தோற்றவர் வரிசைக்கும் அது போய்ச் சேர வேண்டும். அதுவரை காணிக்கைப் பை எடுக்கும் சகோதரர்கள் பின்னாலேயே நிற்கட்டும். ஆராதனை பத்து நிமிடம் பிந்தும். பிந்தட்டும்.